கவுதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டு நூலும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வேலை நிமித்தமாக லீட்ஸ் நகருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பணி ஓய்வு பெற்ற சக ஊழியர் ஒருவர், தூண்டில் முள்ளை இறுக்கிப் பிடிக்கும் சிறிய வைஸ், தூண்டில் முட்கள், பட்டு நூல் கண்டுகள், இறகோடு பதப்படுத்திய ஒரு கவுதாரித் தோல் ஆகியவை அடங்கிய பெட்டியை எனக்குக் கொடுத்து, ‘சாஃப்ட் ஹேக்கில்’ ஃப்ளை கட்டுவதிலிருந்து தொடங்குங்கள் என்றார். காணொளிகளைப் பார்த்துப் பதினைந்து ஃப்ளைகள் கட்டிவிட்டேன். இறகு துடைப்பம் போலக் கொத்தாக நிற்கிறது. நூல் அடிக்கடி அறுகிறது. தூண்டில் நரம்பைக் கோக்கும் முள்ளின் கண் அடைபட்டுப் போகிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகர், லீட்ஸ், இங்கிலாந்து

பதில்: இந்தக் கலையை அறியாத வாசகர்களுக்காக முதலில் சில வரிகள். ட்ரவுட் மீன் ஆற்றுப் பூச்சிகளைத் தின்று வாழ்வது. அந்தப் பூச்சியின் சாயலில், தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றிச் செய்வதற்குத்தான் ஃப்ளை என்று பெயர். கழுத்துப் பகுதியில் சுற்றப்படும் இறகு ஹேக்கில். சேவலின் விறைப்பான இறகைச் சுற்றினால் ஃப்ளை நீர்மேல் மிதக்கும். கவுதாரி, பெட்டைக்கோழி போன்றவற்றின் மென்மையான இறகைச் சுற்றினால் அது நீருக்குள் அமிழ்ந்து, ஓட்டத்தில் இழைகளை அசைத்துக்கொண்டு போகும். இந்த இரண்டாவது வகைதான் சாஃப்ட் ஹேக்கில். நீங்கள் குடியிருக்கும் யார்க்ஷயர் மாவட்டமே இதன் தாய்வீடு. வார்ஃப், நிட், யூர், ஸ்வேல் ஆகிய ஆறுகளில் தலைமுறை தலைமுறையாக இதை ‘ஸ்பைடர்’ என்று அழைத்து வருகிறார்கள்.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே: எல்லாவற்றையும் தேவைக்கு அதிகமாகச் சேர்க்கிறீர்கள். நூல் சுற்று அதிகம், இறகு அதிகம், இழுப்பும் அதிகம். வார்ஃப் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபோது நானும் இதே தவறைத்தான் முதல் குளிர்காலம் முழுவதும் செய்தேன். மார்ச் மாத இறுதியில் ஆற்றங்கரையில் நின்று நரம்பைக் கோக்க முயன்றபோது, கட்டி வைத்திருந்த ஃப்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கண்ணே இல்லாமல் நூல் மூடியிருந்தது. அன்று குளிரில் மரத்துப்போன விரல்களோடு ஊசியால் ஒவ்வொரு கண்ணையும் குத்தித் திறந்த பிறகுதான், முள்ளின் முன்பகுதியில் இடம் விடுவது எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது.

ஆகவே, ஒரே ஒரு ஃப்ளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘பார்ட்ரிட்ஜ் அண்டு ஆரஞ்சு’. ஆரஞ்சுப் பட்டு நூலில் உடல், கவுதாரியின் பழுப்புப் புள்ளி இறகில் கழுத்து. அவ்வளவே அதன் பொருட்கள். தூண்டில் முட்களில் எண் கூடக் கூட அளவு குறையும் என்பதால், ஆற்றில் பெரும்பாலும் 14, 16 எண் முட்கள் பயன்படும் என்றாலும், கை பழகும் வரை 12ஆம் எண்ணில் கட்டுங்கள். முள்ளின் வளைவை வைஸில் இறுக்கும்போது அதன் நேரான தண்டு கிடைமட்டமாக இருக்க வேண்டும். நூல் அறுவதற்கு அதிக இழுப்போடு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்முனையில் நூல் உரசுவதும் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒவ்வொரு சுற்றின்போதும் அந்த முனையைக் கண்ணால் பார்த்துக் கடந்து செல்லுங்கள்.

செருப்புத் தைப்பவர்கள் நூலில் தேய்க்கும் மெழுகைப் பட்டு நூலின் மேல் ஒருமுறை இழுத்துவிட்டால், நூல் வழுக்காமல் தண்டைப் பற்றிக்கொள்ளும். கண்ணுக்குப் பின்னால், கண்ணின் அகலத்தைப் போல இரு மடங்கு இடத்தை வெறுமையாக விட்டு நூலைத் தொடங்குங்கள். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது உங்கள் கைக்கு மறந்திருக்காது. ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்று, இடைவெளியும் இல்லாமல் மேலேறவும் செய்யாமல் படிவது போல, பட்டு நூலும் தண்டின் மேல் படிய வேண்டும். முள்முனைக்கு நேர் மேலே வந்தவுடன் நிறுத்தி, அதே போல முன்னோக்கித் திரும்பி வாருங்கள். உடல் வளைவுக்குள் இறங்க வேண்டியதில்லை. யார்க்ஷயர் ஸ்பைடருக்கு உடல் குட்டையாக இருப்பதுதான் அழகு, அது மெலிந்திருப்பதுதான் அதன் உயிர். பருத்த உடலைக் கண்டால் நான் தயங்காமல் பிளேடால் அறுத்துவிட்டு மீண்டும் தொடங்குவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஒரு முள்ளைப் பலமுறை பயன்படுத்தலாம்.

இனி இறகு. இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. கவுதாரித் தோலின் முதுகில் பழுப்பு இறகுகளும் மார்பில் சாம்பல் நிற இறகுகளும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பழுப்பு. ஒன்றைப் பறித்து முள்ளின் தண்டு ஓரமாகப் பிடித்துப் பாருங்கள்: இழையின் நீளம், பின்னோக்கிப் படிந்தால் முள்ளின் வளைவை எட்டும் அளவாக இருக்க வேண்டும், அதைத் தாண்டிப் போனால் அந்த இறகு பெரிய முள்ளுக்கு உரியது. சிறிய முள்ளுக்கேற்ற இறகுகள் ஒரு தோலில் குறைவாகவே இருக்கும்; அவற்றைத் தனி உறையில் சேர்த்து வைப்பது நல்லது. அடிப்பகுதியில் பஞ்சு போல இருக்கும் தூவியை உரித்து எறியுங்கள். நுனியில் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு சிறு முக்கோணத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இழைகளை அடிப்பக்கமாக நீவிவிட்டால், இறகு இரு பக்கமும் சீப்பு போல விரிந்து நிற்கும். அந்த முக்கோணத்தை, இறகின் பளபளப்பான பக்கம் முள்ளின் கண்ணை நோக்குமாறு, உடல் முடியும் இடத்தில் மூன்று சுற்றுகளில் கட்டி, மிச்சத்தைக் கத்தரியுங்கள்.

பிறகு இறகின் அடித்தண்டைச் சிறு இடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு சுற்றின்போதும் இழைகளைப் பின்னால் நீவிக்கொண்டே இரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்றாவது சுற்று வேண்டவே வேண்டாம். இறகு மிஞ்சுகிறதே என்ற எண்ணத்தில் நீங்கள் அதைத் தீரும் வரை சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். துடைப்பம் உருவாவது அதனால்தான். இரண்டு சுற்றிலும் இழைகள் அடர்ந்து தெரிந்தால், அடுத்த ஃப்ளைக்கு இறகின் ஒரு பக்க இழைகளை முன்கூட்டியே உரித்துவிட்டுச் சுற்றுங்கள். நுனித்தண்டு மிக மெல்லியது, கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் முறிந்துவிடும். தொடக்கத்தில் சில இறகுகள் வீணாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இறுதி முடிச்சைப் போட ‘விப் ஃபினிஷர்’ என்ற கருவி இருக்கிறது என்றாலும், பூத் தொடுக்கும்போது விரலில் நூலை வளையமாக்கிக் காம்பின் மேல் மாட்டி இழுக்கிறோமே, அதே முடிச்சை மூன்று முறை போட்டு, ஊசிமுனையால் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தாலே போதும். அந்தச் சொட்டு கண்ணுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரே ஃப்ளையை இருபத்து நான்கு முறை கட்டி, கட்டிய வரிசையில் ஒரு கார்க் துண்டில் குத்தி வையுங்கள். வகைவகையாகக் கட்டிப் பார்க்கும் ஆசை எழத்தான் செய்யும்; ஆனால் முதலாவதையும் இருபத்து நான்காவதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைப்போல வேறு எந்தப் பாடமும் உங்களுக்கு உதவாது. யார்க்ஷயர் ஆறுகளில் ட்ரவுட் பருவம் மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரை என்பதையும், 13 வயது நிரம்பிய எவரும் அரசின் தூண்டில் உரிமத்தோடு, அந்தக் கரைக்கு உரியவரின் அனுமதியும் பெற்றே மீன் பிடிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நூலும் நாலு இழை இறகும் எந்தப் பூச்சியைப் போலவும் இல்லையே, மீன் எப்படி ஏமாறுகிறது? இது பழைய காலத்து முறையா, இப்போதும் பயன்படுகிறதா?
– வாசகி, சென்னை

பதில்: நம் கைக்குள் இருக்கும்போது அது எதைப் போலவும் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆற்றுப் பூச்சிகளின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். மே ஃப்ளை போன்றவை இளம் பருவத்தைக் கற்களுக்கு இடையில் நீருக்கடியில் கழித்துவிட்டு, சிறகு முளைக்கும் நேரத்தில் மேற்பரப்புக்கு எழும்பி வருகின்றன. மேல்தோலை உரித்துக்கொண்டு பறந்து போவதற்குள் அவை நீர்ப்படலத்தில் சிக்கித் தவிக்கும் அந்தச் சில நொடிகளில், கால்களும் பாதி விரிந்த சிறகும் ஒழுங்கற்று அசைகின்றன. மென்மையான இறகிழைகள் ஓட்டத்தில் அசைவதும் அப்படித்தான். ஓடும் நீரில் நின்று பார்க்கும் மீனுக்கு முடிவெடுக்க ஒரு கணமே இருக்கிறது. அந்தக் கணத்தில் அதற்கு வேண்டியது உயிருள்ளது போன்ற அசைவு, சரியான அளவு, ஏறத்தாழ ஒத்த நிறம் ஆகியவைதாம்.

முறை பழையதுதான். ஆங்கிலத்தில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி 1496-இல் அச்சேறிய நூலிலேயே பன்னிரண்டு ஃப்ளைகளின் குறிப்புகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து எல்லைப்புற ஆறுகளில் மீன் பிடித்த ஸ்டூவர்ட் 1857-இல் வெளியிட்ட நூலில், ஃப்ளையை ஓட்டத்துக்கு எதிராக, மேல்நோக்கி எறிய வேண்டும் என்று வலியுறுத்தினார். மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து நிற்பவை என்பதால், பின்னாலிருந்து அணுகுபவரை அவை எளிதில் காண்பதில்லை. யார்க்ஷயரின் ஃப்ளைகளைத் தொகுத்த பிரிட்டின் நூல் 1885-இல் வந்தது. ஊதா நூலோடு உள்ளான் இறகைச் சேர்த்த ஃப்ளை, தாழைக்கோழி இறகில் கட்டிய ஃப்ளை ஆகியவையெல்லாம் இன்றும் அந்த ஆறுகளில் எறியப்படுகின்றன. அமெரிக்காவில் சில்வெஸ்டர் நீம்ஸ் 1975-இல் எழுதிய நூல், மறக்கப்பட்டு வந்த இந்த வகையை அங்கே மீண்டும் பரப்பியது. அங்கே பலரும் ஃப்ளையைக் குறுக்காக, சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, ஓட்டத்தோடு அரைவட்டமாக வர விடுகிறார்கள். தொடக்கநிலையாளருக்கு அதுவே எளிது. நரம்பு இறுக்கமாக இருப்பதால் மீன் கவ்வுவது கைக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் இருக்கிறது. இங்கே வயலோரங்களில் கவுதாரியும் நிறைய இருக்கிறது. அதன் இறகையே பயன்படுத்தலாமா?
– வாசகர், உதகை

பதில்: கூடாது. நம் கவுதாரி, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் பறவை. இங்கிலாந்தில் பயன்படுவது அங்கே சட்டப்படி வேட்டையாடப்பட்டு உணவாகும் வேறொரு இனம். சட்டத்தை விடுங்கள், ஒரு பிடி இறகுக்காகக் காட்டுப் பறவை ஒன்றைக் கொல்வதை என் மனம் ஏற்காது. வீட்டில் வளரும் பெட்டைக்கோழியின் கழுத்திலும் முதுகிலும் உள்ள இறகுகள் இந்த வேலைக்கு மிக நன்றாகப் பொருந்தும். கினிக்கோழி வளர்ப்பவர்கள் எவரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், கூண்டுக்கடியில் உதிர்ந்து கிடப்பவற்றைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைப் புள்ளி இட்ட அந்தக் கரிய இறகில் கட்டுவது பழைய வழக்கமே. உதிர்ந்த இறகைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். ஓடையில் இறங்குவதற்கு முன், மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் தேவையான அனுமதியைப் பெற்றுவிடுங்கள்.

கட்டி முடித்ததைச் சோதிக்க ஓடை வரை போக வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஃப்ளையை நரம்பில் கட்டி உள்ளே இறக்குங்கள். ஆரஞ்சு நூல் நனைந்தவுடன் கருத்து, ஏறத்தாழப் பழுப்பாகும். மெல்ல மேலே இழுத்தால் இழைகள் உடலை ஒட்டி மடங்க வேண்டும். கையைத் தளர்த்தினால் மறுபடி விரிய வேண்டும். மடங்காமல் விறைத்து நின்றால் சுற்று அதிகமாகிவிட்டது என்று பொருள். அறுத்துவிட்டு ஒரு சுற்றுக் குறைத்துக் கட்டுங்கள்.