பித்தளை வளையத்தில் ஊசித்துளையா? முதலில் மண்ணைப் பாருங்கள்

தம்பி, காரைக்குடிப் பழைய வீட்டுக் கதவுக்கு வளையம் வார்த்தால் மேலெல்லாம் ஊசித்துளை விழுகிறது, பித்தளைதான் மட்டமோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பித்தளை மேல் சந்தேகமில்லை. பூவேலை தெளிவாக விழட்டும் என்று கண்மாய் வண்டலை மாவாகச் சலித்து அச்சு முழுக்க அடைத்தேன் என்கிறீர்களே, வினை அங்கேதான்.

மாவு மண்ணில் பூவேலை அழகாகப் பதியும், ஆனால் ஆவி போக இடுக்கு இருக்காது. 1,000 டிகிரிச் சூட்டில் பித்தளை இறங்கியதும் ஈரம் ஆவியாகி, மண்ணில் வழியில்லாமல் உலோகத்துக்குள் புகுந்துவிடும். வண்டலை அச்சின் முகத்துக்கு, அதாவது பித்தளை படும் பக்கத்துக்கு மட்டும் மெல்லிசாகப் போடுங்கள். பின்னால் பருமணலும் மணலைப் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் பென்டோனைட் களிமண்ணும் போதும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் முகத்தைத் தொடாமல் பின்பக்கம் நிறையக் குத்திவிடுங்கள்.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி மண்ணை இறுக்கி இரண்டாக உடைத்தால் ஓரம் உதிராமல் நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு மாறலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே நீர் இருக்கும். அப்படி ஒருமுறை ஊற்றி, தெறித்த பித்தளையின் தழும்பு என் காலில் இன்னும் இருக்கிறது.

அப்புறம், கெட்டுப்போன வளையம் ஒன்றை அறுத்துப் படம் போடுங்கள். துளையின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் ஆவிதான். சொரசொரப்பாக இருந்தால் உலோகம் சுருங்கியதால் வந்தது, அதற்கு வைத்தியம் வேறு.