பிரெஞ்ச் பிரஸ்ஸின் செல்லைப் பட்டறையில் கடையலாமா?

ஈரோட்டுக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஈ.கோலை பாக்டீரியாவை உயர் அழுத்தத்தில் உடைக்க எங்களிடம் பழைய பிரெஞ்ச் பிரஸ் ஒன்று உள்ளது. திரவத்தை அடைத்துப் பிஸ்டனால் அழுத்தும் எஃகு உருளையான பிரஷர் செல்லின் உட்சுவரில் கீறல் விழுந்து கசிகிறது. அதே அளவில் புதிதாகக் கடைந்து தருவதாகக் கோவைப் பட்டறை ஒன்றில் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?"

வேண்டாம். ஹைட்ராலிக் பம்பு, ஆயில் சீல், மோட்டார் ஆகியவற்றைக் கோவையிலேயே தாராளமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வேலைக்குக் கணபதி, சிங்காநல்லூர் பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. செல்லின் சங்கதி வேறு. ஈ.கோலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் 20,000 பிஎஸ்ஐ அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,360 மடங்கு. அதைத் தாங்கும் உருளை அளவில் பிசகாமல் இருந்தால் மட்டும் போதாது. எஃகின் ரகத்துக்கும், அதைப் பதப்படுத்திய விதத்துக்கும், உள்விரிசல் இல்லை என்பதற்கும் சோதனைச் சான்று வேண்டும்.

முதலில் ஓ-ரிங்குகளை மாற்றி, கிளிசரால் தடவிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். கீறல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால், அந்தச் செல்லை ஒதுக்கிவிட்டுத் தயாரிப்பாளரிடமே மாற்றுச் செல் கேளுங்கள்.

கேஜ் காட்டுவது எண்ணெயின் அழுத்தமே தவிர, செல்லுக்குள் இருப்பது அன்று. அதே விசையில் பிஸ்டனின் விட்டம் பாதியானால் உள்ளழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், பெரிய செல்லுக்கு வைத்த அளவைச் சிறிய செல்லுக்கும் அப்படியே வைப்பது ஆளையே காயப்படுத்தக்கூடிய தவறு. கேஜின் அளவு அந்தந்தச் செல்லுக்குள் எவ்வளவு அழுத்தமாகிறது என்று காட்டும் அட்டவணையை இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவையுங்கள். மூடுமுன் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். அமுங்கிய திரவத்தைவிட அமுங்கிய காற்று மிக அதிக ஆற்றலைத் தேக்கிவைக்கும்.

பாக்டீரியா உடைவது, வெளியேறும் வழியிலுள்ள நீடில் வால்வைக் கடந்து அழுத்தம் சட்டென விழும் இடத்தில். அழுத்தத்தின் ஆற்றல் அங்கேயே வெப்பமாகிறது: கணக்குப்படி 20,000 பிஎஸ்ஐக்குச் சுமார் 33 டிகிரி செல்சியஸ். 4 டிகிரியில் உள்ளே போனது 37-ஐ நெருங்கி வெளியே வரலாம். எனவே முந்தைய இரவே செல்லைக் குளிர் அறையில் வைத்து, வெளிவருவதைப் பனிக்கட்டியில் புதைத்த குழாயில் பிடியுங்கள். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் இதில் சலுகையே கிடையாது. வால்வைச் சொட்டுச் சொட்டாக வருமளவுக்கே திறக்க வேண்டும். அகலத் திறந்தால் அழுத்தம் இறங்கி, பாக்டீரியா உடையாமலே வந்துவிடும். உடைந்து வரும் கலவையான லைசேட் பிசுபிசுத்தால், மெக்னீசியம் உள்ள பஃபரில் டிஎன்ஏவைத் துண்டாக்கும் டிஎன்ஏஸ் நொதியைச் சிறிது சேருங்கள்.

மாற்றுச் செல் வரும்வரை, பாக்டீரியாச் சுவரை அரிக்கும் லைசோசைம் நொதியைச் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, மீயொலியால் உடைக்கும் சோனிகேட்டரைச் சிறு சிறு இடைவெளிவிட்டு இயக்கினால் ஈ.கோலைக்குப் போதும்.