கும்பகோணத்தில் பழைய வீடு: முதலில் அடிமனை யாருடையது என்று கேளுங்கள்

கும்பகோணத்தில் வக்கீலாக இருக்கிறேன். வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதுவதிலேயே பாதி நாள் போய்விடும். பழைய வீடு வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுதும் பதில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கிறேன் சார். அப்பாவுக்குப் பூர்வீகம் கும்பகோணம். ஓர் அக்ரஹார வீடு பிடித்துப்போய்விட்டது. திண்ணை, ரேழி, முற்றம், கொல்லைக் கிணறு எல்லாம் அப்படியே இருக்கின்றன. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்தால் வீடு எங்கேயும் ஓடிவிடாது.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் பெரும்பாலும் வராது. அதைவிட முக்கியம், வீடு நிற்கிற மண், அதாவது அடிமனை, யாருடையது என்று அது சொல்லாது. புது நகரில் மனை வாங்கினால் இந்தக் கேள்வியே பலருக்குத் தோன்றாது. கோயிலும் மடமும் நிறைந்த ஊரில் அதுதான் முதல் கேள்வி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஃபைல் வந்தது. நான்கு கிரயப் பத்திரங்கள், சங்கிலி அறுபடாமல் அழகாக இருந்தன. கடைசிப் பத்திரத்தில் 'மேற்படி மனையும் அதிலுள்ள ஓட்டுவில்லை வீடும்' என்று எழுதியிருந்தது. 1971-லும் அப்படித்தான். அதற்கு முந்தையது 1954. பழுப்பேறிய முத்திரைத்தாளின் மடிப்பு ஓரத்தில், பாதி மை போன எழுத்தில், 'அடிமனை நீங்கலாக' என்று இரண்டு சொற்கள். அந்த வீட்டில் கட்டடம் மட்டுமே கைமாறி வந்திருக்கிறது, மண் தேவஸ்தானத்துடையது. 1971-ல் பத்திரம் எழுதியவர் அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டார். மறந்தாரா, மறக்க வைத்தார்களா, யாருக்குத் தெரியும்? அதன்பிறகு எழுதியவர்கள் எல்லாம் 1971-ஐப் பார்த்தே நகல் எடுத்தார்கள். 30 வருஷ வில்லங்கத்தில் அது எப்படித் தெரியும்?

பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ள வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனு போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். தேடும்போது இப்போதைய டி.எஸ். நம்பர் (நகர நில அளவை எண்), பழைய சர்வே நம்பர், பழைய கதவு எண் எல்லாவற்றையும் கொடுங்கள். பழைய பத்திரங்கள் பலவற்றில் தெருப் பெயரும் நான்கு எல்லையும்தான் இருக்கும். கிடைத்த எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி, சொத்து விவரத்தை வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள். எந்தச் சொல் எந்த வருஷத்தில் காணாமல்போனது என்று பார்ப்பதுதான் வேலை.

அடிமனை கோயிலுடையது என்றால் விட்டுவிட வேண்டியதுதானா ஐயா? விற்கிறவர்கள் 60 வருஷமாக அங்கேயே குடியிருக்கிறார்கள். இத்தனை வருஷ அனுபவத்துக்கு மதிப்பில்லையா?

தனியார் நிலத்தில் அந்த வாதத்தை எடுத்துப் பார்க்கலாம். கோயில் நிலத்தில் எடுபடாது. இந்து சமய அறநிலையச் சட்டம், 1959, பிரிவு 109 அந்த வழியை அடைத்துவிட்டது. ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ அது செல்லாது என்று பிரிவு 34 சொல்கிறது.

'வீடு கட்டியிருப்பவர் மண்ணை விலைக்குக் கேட்கலாமே, நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே' என்று தரகர்கள் இன்னமும் சொல்கிறார்கள். சட்டம் இருந்தது வாஸ்தவம். 1996 திருத்தத்தில் மத நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். தரகர்களுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

தெரிந்தே கட்டடத்தை மட்டும் வாங்குகிறவர்களும் உண்டு. அப்படியானால் விலையும் கட்டடத்தின் விலையாக இருக்க வேண்டும். கோயில் உங்களை வாடகைதாரராக ஏற்குமா, நியாய வாடகை எவ்வளவு நிர்ணயித்திருக்கிறார்கள், பாக்கி எத்தனை என்று செயல் அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாக்கி சில சமயம் வீட்டு விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வங்கிக் கடனை எதிர்பார்க்காதீர்கள். நான் அப்படிப்பட்ட ஃபைலில் கையெழுத்துப் போடுவதில்லை.

பத்திரத்தில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் அடிமனையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். அதில் உரிமையாளர் இடத்தில் கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருந்தால் அங்கேயே நில்லுங்கள். இனாம் நிலமாக (பழைய காலத்தில் மானியமாகக் கொடுத்த நிலம்) இருந்த இடம் என்றால் 1963-ஆம் வருஷச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் பட்டா யார் பெயரில் ஆனது என்று கேளுங்கள். அறநிலையத் துறை இணையதளத்தில் கோயில் நிலங்களின் விவரம் இருக்கிறது. கோயில் அலுவலகத்திலும் சொத்துப் பதிவேடு இருக்கும்.

கோயில் நிலம் என்று குறித்த சர்வே எண்களுக்கு வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைக்கும் நில மதிப்பு) பூஜ்யமாக்கிப் பதிவைத் தடுத்து வைப்பது உண்டு. அதற்காக, பதிவாகிவிட்டால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியலில் ஏறாமல் தப்பிய எண்களும் இருக்கின்றன. அப்புறம், வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருந்தாலும் அவை உரிமை ஆவணம் ஆகா.

அண்ணா, தாத்தா வீட்டை அப்பாவும் பெரியப்பா, சித்தப்பாவும் விற்கிறார்கள். அத்தைகள் இருவரும் கல்யாணமாகிப் போனவர்கள், அவர்கள் கையெழுத்து வேண்டாம் என்று பெரியப்பா சொல்கிறார். வாங்குகிறவர் கேட்கிறார். யார் சொல்வது சரி?

வாங்குகிறவர் சொல்வதுதான் சரி தம்பி. உங்கள் பெரியப்பா பொய் சொல்லவில்லை, பழைய சட்டத்தைப் பாதி நினைவில் வைத்திருக்கிறார். 1956 வாரிசுரிமைச் சட்டத்தில் பிரிவு 23 என்று ஒன்று இருந்தது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்கிற வரைக்கும் பெண்கள் பாகம் கேட்க முடியாது என்றது. கேட்க முடியாது என்றதே தவிர, பாகமே இல்லை என்று அது சொல்லவில்லை. 2005-ல் அந்தப் பிரிவும் போய்விட்டது.

தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு காலமாகியிருந்தால் மகள்களுக்கும் மகன்களோடு சமபங்கு. பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்கு உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணமான மகள்களுக்கும் வந்தது. அந்த மகள்களின் அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்த பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு.

அத்தைகளைக் கிரயப் பத்திரத்திலேயே சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். புடவை எடுத்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணிய காலம் போய்விட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய பத்திரத்தில் யாராவது 'மைனருக்காகத் தாயும் கார்டியனும்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால், கோர்ட் அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள். மைனரின் தனிப் பங்கை அனுமதியில்லாமல் விற்றிருந்தால் அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு 3 வருஷம் வரை வழக்குப் போடலாம்.

உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறார். இங்கே அவர் மைத்துனருக்குப் பவர் கொடுத்திருக்கிறார். போதுமா?

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போச்சு. ஆகையால் பதிவன்று உயிர்வாழ் சான்று வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்க வேண்டும். நான் இன்னொன்றும் செய்வேன். உரிமையாளரோடு வீடியோவில் ஐந்து நிமிஷம் பேசி, விலையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன். மைத்துனர் சொன்ன விலையும் அவர் சொன்ன விலையும் ஒன்றாக இல்லாத நாள்களும் உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு விலை கொடுக்கும்போது வருமான வரிப் பிடித்தம் வேறு கணக்கு. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது, நகல்தான் இருக்கிறது என்கிறார்கள்.

தொலைந்ததா, எங்காவது அடமானத்தில் இருக்கிறதா? தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குவது இந்தப் பக்கம் சகஜம். அது வில்லங்கத்தில் வந்தாலும் வரும், வராமலும் போகும். போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தவரே வந்து நின்றிருக்கிறார்.

தாராசுரத்தில் ஐராவதேஸ்வரர் கோயிலுக்கு அருகில் ஓட்டு வீடு. இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாமா?

கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 100 மீட்டருக்குள் இருந்தால் பழுதுபார்க்க மட்டும், அதுவும் அனுமதியோடு. மீறினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளந்து ஏமாறாதீர்கள். எல்லையிலிருந்து அளக்க வேண்டும். இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் இதை வாங்காதீர்கள்.

மதுரையில் மாசி வீதிப் பக்கம் இடம். மூன்று மாடி போட நினைக்கிறோம்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 1997 அரசாணை. பக்கத்து லாட்ஜ் உயர்ந்து நிற்கிறதே என்று கேட்காதீர்கள், அது அவர்கள் தலைவலி.

இரண்டு பக்கமும் ஒட்டிய வீடு. பத்திரத்தில் 18 அடி, அளந்தால் 17 அடிதான் வருகிறது. பக்கத்து வீட்டார் சுவர் தங்களுடையது என்கிறார். முன் அறையில் ஒரு தையல்காரர் வேறு இருக்கிறார்.

அக்ரஹார வீடுகளில் பாதிக்கு இந்தக் கதைதான். ஒரு சுவர், இரண்டு வீடு. இரண்டு வீட்டாரின் பழைய பத்திரங்களையும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'பொதுச்சுவர்' என்று இருந்தால் விஷயம் முடிந்தது. சுவர் மேல் உத்தரம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியிருக்கிறது, விளக்கு வைக்கும் மாடப்பிறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். கோர்ட் கமிஷனர் வந்தாலும் இதையெல்லாம்தான் குறிப்பார். முற்றத்துத் தண்ணீர் யார் கொல்லை வழியாகப் போகிறது என்றும் கேளுங்கள். 20 வருஷம் தடையில்லாமல் போயிருந்தால் அதுவே உரிமையாகிவிடும்.

தையல்காரர் காலி செய்த பிறகு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டோடு அவரும் உங்களுக்குத்தான்.

பத்திரச் செலவு எவ்வளவு சார்?

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், இந்தியாவில் வசிப்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும்.

பெங்களூரிலிருந்து மறுபடியும் நான்தான் சார். மனு போட்டு 1949 பத்திரத்தின் நகல் கிடைத்தது. 'அடிமனை' என்ற சொல்லே இல்லை. ஆனால் 'மடத்துக்கு வருஷம் ஒன்றுக்கு ரூ. 3 செலுத்திக்கொண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று ரூபாய்தானே?

மூன்று ரூபாயோ முந்நூறோ, எதற்காகக் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. தரை வாடகையாக இருந்தால் மண் மடத்துடையது. மடத்துச் சொத்துக்கும் அதே பிரிவு 34 பொருந்தும். ஏதோ கட்டளைக்கு (பூஜைக்கோ தர்மத்துக்கோ வைத்த அறக்கொடை) தரவேண்டிய தொகை என்றால் வேறு மாதிரி பார்க்க வேண்டும். அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பக்கங்களையும் நகர நில அளவை நகலையும் அனுப்புங்கள். விற்கிறவரிடம் பழைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். ரசீது எழுதிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் 'இன்ன இனத்துக்கு' என்று ஒரு சொல் போட்டிருப்பார்கள்.