வாசகர் கேள்வி – பதில்: சிறு படகும் இழுவைத் தூண்டிலும்

கேள்வி: பணி ஓய்வு பெற்றபின் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து பதினாறடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, மும்பையில் மட் கோலிவாடா என்னும் மீனவர் குப்பத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் விட்டு வைத்திருக்கிறோம். தூத்துக்குடியில் சிறு வயதில் அப்பாவுடன் சென்று, ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சீலா பிடித்த நினைவில் இங்கும் நான்கு முறை முயன்றோம். கைப்பேசியில் வேகம் பார்த்து ஓட்டி, ஒரே நேரத்தில் நான்கு தூண்டில்களை இழுத்தோம். விலை உயர்ந்த ரீல்களும் ஆறு வகைப் போலி இரைகளும் இருந்தும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. எங்கே தவறுகிறோம்? – செம்பூர் வாசகர்.

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் கருவிகளில் குறை ஏதும் இல்லை. குறை, நீங்கள் தூண்டிலை இழுத்த தண்ணீரில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தூத்துக்குடிக் கடல் தெளிவானது. மும்பைக் கரையோரம் அப்படியல்ல. தாணே, வசாய், மலாட் கழிமுகங்கள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதால், அந்தச் சேறு அடியில் தங்காமல் கலங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கலங்கலில் பொம்பில் என்னும் மீன் கூட்டமாக வாழும். கோலி மீனவர்கள் அதை டோல் எனப்படும் பை போன்ற வலையைக் கட்டிப் பிடிக்கிறார்கள். ஆனால் சுர்மாய் என்று இங்கே அழைக்கப்படும் நம் வஞ்சிரமும், சூரையும், பாறையும் கண்ணால் பார்த்துப் பாய்ந்து இரை பிடிப்பவை. கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டால் விரல் நுனி தெரியாத இடத்தில், எவ்வளவு பளபளப்பான இரையை இழுத்தாலும் அது மீனுக்குத் தெரியப் போவதில்லை.

ஆகவே முதலில் தண்ணீரைத் தேடுங்கள். கரையிலிருந்து வெளியே போகும்போது ஓரிடத்தில் பழுப்பு நீர் முடிந்து பச்சை நீர் தொடங்கும் கோடு தென்படும். அந்தக் கோட்டின் பச்சைப் பக்கமாக, கோட்டை ஒட்டியே ஓட்டுங்கள். சிறு மீன்கள் அந்த ஓரத்தில் கூடும், பெரியவை அவற்றைத் தேடி வரும். நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். இழுவைத் தூண்டிலுக்கோ அந்த நாட்களும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களும்தான் ஏற்றவை. அப்போது ஏற்றவற்றம் குறைவாக இருக்கும், நீரும் ஓரளவு தெளியும். ஒரே நாளிலும்கூட, நீர் வற்றும் நேரத்தைவிட ஏறும் நேரத்தின் பிற்பகுதி நல்லது; வற்றும்போது கழிமுகச் சேறு கடலுக்குள் வருகிறது, ஏறும்போது வெளிக்கடல் நீர் உள்ளே வருகிறது.

அடுத்தது வேகம். முன்னால் உதடு போன்ற தகடு வைத்த, நீந்துவது போல் ஆடும் இரைகளுக்கு 4 முதல் 6 நாட் வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 11 கிலோமீட்டர், பொதுவாகப் பொருந்தும். செத்த மீனைக் கோத்து இழுத்தால் 2 முதல் 4 நாட் போதும். நீங்கள் கைப்பேசியில் வேகம் பார்த்து ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாகத் தொடங்குபவர் அனைவரும் சறுக்கும் இடம் இதுதான். கைப்பேசி காட்டுவது தரையைக் கணக்கிட்ட வேகம்; இரை உணர்வதோ தண்ணீரின் வழியே செல்லும் வேகம். நீரோட்டம் 2 நாட் என்று வைத்துக்கொண்டால், திரையில் 5 என்று காட்டும்போது எதிர்நீரோட்டத்தில் இரை 7 நாட் வேகத்தில் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருக்கும். நீரோட்டத்தோடு சென்றால் 3 நாட்டில் உயிரற்றுத் தொங்கிக்கொண்டிருக்கும். திரையை நம்பாதீர்கள், ராடின் நுனியை நம்புங்கள். இரையைப் படகின் பக்கவாட்டிலேயே நீரில் விட்டு, அது ஒழுங்காக ஆடும் வேகத்தைக் கண்ணால் பார்த்து, அப்போது நுனி எப்படி அதிர்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, பிறகு பின்னே விடுங்கள். சீரான அதிர்வு நின்றால் இரையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். இந்த நகரத்தின் கடலில் அது பெரும்பாலும் பிளாஸ்டிக் பையாகத்தான் இருக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்று பேருக்கு நான்கு தூண்டில் என்பது அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படி நான்கு விட்டு, மீன் கூட்டம் கண்ட பரபரப்பில் சட்டென்று திருப்பி, நான்கையும் ஒரே உருண்டையாகச் சுருட்டி, மீதிக் காலையை அதைப் பிரிப்பதிலேயே கழித்திருக்கிறேன். இரண்டே போதும்: ஒன்று படகின் பின்னால் 20 மீட்டரில், மற்றது 35 அல்லது 40 மீட்டரில். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் தூண்டிலைக் கவனிக்க வேண்டும், மூன்றாமவர் கடலைப் பார்க்க வேண்டும். ஆலாப் பறவைகள் விழுந்து எழும் இடத்தைக் கண்டால், கூட்டத்தின் நடுவே படகை விடாமல் ஓரமாகச் சுற்றுங்கள். நடுவே போனால் கூட்டம் அடியில் இறங்கிவிடும். திருப்பத்தை அகலமாக எடுங்கள். திரும்பும்போது வெளிப்பக்க இரை வேகம் பெறுகிறது, உட்பக்க இரை வேகம் இழக்கிறது. எந்தப் பக்க இரையை மீன் கடிக்கிறதோ, அதுவே அன்றைக்கு மீன் விரும்பும் வேகத்தை உங்களுக்குச் சொல்லிவிடும். மீனிடமே நேரடியாகக் கேட்டறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: இரண்டு முறை பெரிய மீன் கடித்தும் தங்கூசி நரம்பு அறுந்துபோயிற்று. இன்னும் தடித்த நரம்பு வாங்க வேண்டுமா? – சயான் வாசகர்.

பதில்: அறுந்த நுனியைப் பாருங்கள். கத்தரித்தது போல் சீராக இருந்தால் அது வஞ்சிரம் அல்லது ஊளியின் பல். எவ்வளவு தடித்த நரம்பையும் அது வெட்டும். இரைக்கு முன்னால் ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பி கட்டி, கம்பிக்கும் நரம்புக்கும் இடையில் முறுக்கு விழாமல் இருக்கச் சுவிவல் ஒன்றை இணையுங்கள். கம்பி தடிமனாக இருந்தால் மீன் கடிக்கத் தயங்கும், இரையின் ஆட்டமும் கெடும். நுனி சுருண்டு நீண்டிருந்தால் காரணம் வேறு: ரீலின் பிரேக்கை இறுக்கி வைத்திருக்கிறீர்கள். நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுவையில் ரீல் நழுவ வேண்டும். படகின் வேகமும் மீனின் பாய்ச்சலும் ஒரே கணத்தில் சேர்வதை மறந்துவிடக் கூடாது. பின்னல் நூல் நீளாது என்பதால் அதற்குப் பிரேக் இன்னும் தளர்வாக இருக்கட்டும். கடித்தவுடன் எஞ்சினை நிறுத்துவதும் தவறு. நூல் தொய்ந்தால் மீன் முள்ளை உதறிவிடும். சில நொடிகள் அப்படியே சென்று, பிறகு வேகத்தைக் குறைத்து, மற்றத் தூண்டிலைச் சுருட்டியபின் மீனை இழுங்கள்.

கேள்வி: என் மகன் நண்பர்களுடன் வெர்சோவாவிலிருந்து ஞாயிறுதோறும் இப்படிப் போகிறான். எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. என்ன சொல்லி அனுப்புவது? – டோம்பிவிலி வாசகி.

பதில்: அம்மா, போகாதே என்று சொன்னால் கேட்கும் வயது அவருக்குக் கடந்திருக்கும், எனவே சில நிபந்தனைகள் போடுங்கள். மிதவை அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது, உடம்பில் அணிந்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ கட்டப்பட்டிருக்க வேண்டும். தூண்டிலைப் பார்த்துத் திரும்பி நிற்பவர் தவறி விழுவதும், ஆளில்லாப் படகு ஓடிப்போவதும் இந்த வகை மீன்பிடிப்புக்கே உரிய ஆபத்து. விடியலில் கிளம்பி, பிற்பகல் கடற்காற்று வலுக்கும் முன் கரை சேர வேண்டும். எந்தத் திசையில் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். நேரம் கடந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழைக்க நீங்கள் தயங்க வேண்டாம். கப்பல் தடத்தில் தூண்டில் இழுக்கக் கூடாது. பெரிய கப்பல் இவர்களுக்காக விலகாது, நிற்கவும் அதனால் முடியாது. கோலி மக்கள் கட்டிய வலைகளின் மிதவைகளிலிருந்து நன்றாக விலகி ஓட்டச் சொல்லுங்கள். மும்முனை முள் ஒருவர் பிழைப்பைக் கிழித்துவிடும்.

கேள்வி: ஜூன் மாதத்தில் கடல் அமைதியாகத் தெரியும் நாளில் போய் வரலாமா? – வாஷி வாசகர்.

பதில்: கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். நீங்கள் ஊரில் பார்த்துப் பழகியிருக்கும் ஏப்ரல் 15 – ஜூன் 14 தடை கிழக்குக் கரைக்கு உரியது. தென்மேற்குப் பருவக்காற்றில் சிறு படகு அந்த ஒரு மணி நேர அமைதியை நம்பித் திரும்ப முடியாது. கோலி மக்கள் நாரளி பூர்ணிமை (சிராவண மாதப் பௌர்ணமி) அன்று கடலுக்குத் தேங்காய் படைத்த பிறகே தொழிலுக்கு இறங்குவது மரபு. காத்திருக்கும் அந்த இரு மாதங்களில், 1981-ஆம் ஆண்டின் மகாராட்டிரக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உங்கள் படகுக்கு என்னென்ன அனுமதி தேவை என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; துருப்பிடித்த முட்களையும் அப்போதே மாற்றிவிடலாம்.