வாங்குமுன் கேளுங்கள்: எரிமலைத் தீவில் ஒரு பகல்

கப்பல் பயண சீசன் தொடங்கிவிட்டது. தபால் பெட்டியைத் திறந்தால் கரீபியன் கடல்தான். பாதிக்கு மேல் செயின்ட் லூசியாவின் ஒரு நாள் சுற்றுலா பற்றியவை. அதனால் இந்த முறை பக்கத்தை அந்தத் தீவுக்கே கொடுத்துவிட்டேன். அக்கம்பக்கத்துத் தீவுகளும் ஓரிரண்டு எட்டிப் பார்க்கும்.

கேள்வி: கப்பல் காஸ்ட்ரீஸ் துறையில் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. பத்து இடங்கள் காட்டுவதாக ஒரு வேன் சுற்றுலா விளம்பரம் பார்த்தோம். நம்பலாமா? — நியூ ஜெர்சி

பதில்: பத்தையும் காட்டுவார்கள், வேன் ஜன்னல் வழியாக.

எட்டு மணிக்குக் கப்பல் வந்தாலும் நீங்கள் இறங்கி, ஆள் சேர்ந்து, வேன் நகர ஒன்பது ஆகும். ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலில் நாலரைக்குள் ஏறியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஆறரை மணி. பார்க்க வேண்டியதெல்லாம் தென்மேற்கில் சூஃப்ரியேர் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே போக ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகும். ஆன்ஸ் லா ரே, கனரீஸ் வழியாக மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற சாலை. போக வர மூன்று மணி கழிந்தால் கையில் மூன்றரை மணிதான். கந்தக ஊற்றும் சேற்றுக் குளியலும் ஒன்றரை மணி, சாப்பாடு முக்கால் மணி, ஒரு அருவி அல்லது டயமண்ட் தோட்டம் முக்கால் மணி, வழியில் பிட்டன் மலைகளைப் படம் எடுக்கக் கால் மணி. அவ்வளவுதான் அடங்கும்.

மூன்று இடம் போட்ட சுற்றுலாவை வாங்குங்கள். வளைவுச் சாலை வயிற்றைப் புரட்டுமென்றால் ஒரு வழியாவது படகில் போகிற ஏற்பாடு நல்லது. மேற்குக் கரை காற்று மறைவான பக்கம். பெரும்பாலும் அலை குறைவு. மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு அரை மணிக்கு முன்பே போடுங்கள். வளைவில் போட்டுப் பயனில்லை.

கேள்வி: டாக்ஸிக்காரர் 60 டாலர் என்றார். இறங்கும்போது, 'அமெரிக்க டாலர்' என்று சண்டை பிடித்தார். நாங்கள் உள்ளூர் டாலர் என்று நினைத்தோம். ஏமாற்றுதானே? — டொரொன்டோ

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர், பேச்சில் 'ஈசி'. ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி. 1976 முதல் அதே விகிதம்தான். ஆக 60 ஈசி என்றால் 22 அமெரிக்க டாலர் சொச்சம். 60 அமெரிக்க டாலர் என்றால் 162 ஈசி. அந்தத் தீவின் டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது. ஏறுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த டாலர், வண்டிக்கா தலைக்கா, போகவா போக வரவா. எண் பலகை 'டிஎக்ஸ்' என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

மீதிச் சில்லறை ஈசியில் வந்தால் பதற வேண்டாம். டொமினிக்கா, ஆன்டிகுவா, கிரெனடா, செயின்ட் வின்சென்ட் எல்லாவற்றிலும் செல்லும். பார்படோஸில் செல்லாது, அங்கே தனி டாலர். மார்ட்டினிக்கில் யூரோ.

கேள்வி: 'வண்டியிலேயே உள்ளே போகக்கூடிய எரிமலை' என்று விளம்பரம். போனால் லாவாவும் இல்லை, நெருப்பும் இல்லை. சாம்பல் நிறக் குட்டையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? — ஸ்காபரோ

பதில்: கேட்கலாம். சிரிப்பார்கள். அந்தக் கந்தக ஊற்றில் கடைசியாக வெடித்தது 1766இல். அதுவும் நீராவி வெடிப்பு. பழைய எரிமலை சரிந்து உண்டான பெரும்பள்ளத்தில் கொதிநீர்க் குட்டைகளும் புகைத்துளைகளும்தான் பார்க்க இருக்கின்றன. ஒரு காலத்தில் குட்டை ஓரம் வரை நடக்கவிட்டார்கள். ஒரு வழிகாட்டி, காலடியில் தரை உடைந்து, உள்ளே விழுந்து சுடுபட்ட பிறகு பார்வை மேடையோடு நிறுத்திவிட்டார்கள். விளம்பரத்தில் படம் பார்த்து வாங்காமல், அடியில் இருக்கிற நாலு வரியைப் படித்து வாங்கியிருக்கலாம்.

கேள்வி: சேற்றுக் குளியலில் என் வெள்ளிச் சங்கிலியும் கொலுசும் கறுத்துப்போயின. சுற்றுலா நிறுவனம் எச்சரிக்கவில்லை. நஷ்ட ஈடு உண்டா? — லெஸ்டர்

பதில்: கிடைக்காது. ஆனால் வெள்ளி கெட்டுப்போகவில்லை. கந்தகம் பட்டு மேலே கறுப்புப் படலம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளைப் பளபளப்பு மேலே தெரிய விரித்து, சங்கிலி தாளைத் தொடும்படி வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு கரைந்து தாளின் பக்கம் போகும். முட்டை வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம். முத்து, கல் பதித்ததை இதில் போடாதீர்கள்.

தாலிக்கொடியைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். தங்கத்தைக் கந்தகம் ஒன்றும் செய்யாது. 22 காரட்டில் கலந்திருக்கிற செம்பும் வெள்ளியும்தான் லேசாக மங்கும். கழற்ற மனமில்லாதவர்கள் மார்புக்கு மேல் சேறு பூசாமல் இருந்தாலே போதும்.

நீச்சலுடை அடர் நிறத்தில் இருக்கட்டும், அந்தக் கறை போகாது. துண்டு பழசு. ஈர உடைக்கு இறுக்கக் கட்டக்கூடிய பை. தண்ணீர் புகாத கைபேசி உறை என்று கழுத்தில் மாட்டி விற்பார்களே, அதில் ஒன்று என்னிடமும் இருக்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்தது, வெளியே வரவில்லை. வாங்குவதானால் முதலில் காகிதக் கைக்குட்டையை உள்ளே வைத்து அரை மணி வாளியில் அமுக்கிப் பாருங்கள்.

கேள்வி: 'எல்லாம் அடக்கம்' என்று எழுதியிருந்த சுற்றுலாவில் போன இடமெல்லாம் தனியாகப் பணம் கேட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்? — மார்க்கம்

பதில்: எந்த ஊரிலும் நியாயமில்லை. இந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எதை அடக்கியிருக்கிறது என்று எழுதாதவரை அதற்கு ஒரு பொருளும் கிடையாது. வண்டி, ஓட்டுநர், பெட்ரோல், வரி, இவையே 'எல்லாம்' என்று ஒரு நிறுவனம் நினைத்துக்கொள்ளலாம், யார் தடுப்பது?

செயின்ட் லூசியாவில் பணம் கேட்கிற வாசல்கள் இவை. கந்தக ஊற்றில் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு கட்டணம், சேற்றுக் குளியலுக்கு வேறொன்று. இரண்டும் சேர்ந்த சீட்டும் உண்டு. விளம்பரத்தில் 'கந்தக ஊற்று' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் குளியல் சேராது. டயமண்ட் தோட்டத்திலும் அப்படியே: உள்ளே போக ஒன்று, வெந்நீர்த் தொட்டியில் இறங்க ஒன்று. டொராய் அருவிக்கும் நுழைவுச் சீட்டு உண்டு. படகானால் நீருக்கடியில் பார்க்கிற முகமூடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்கா, சும்மாவா என்று கேட்க வேண்டும். 'ரம் பஞ்ச்' மதுவை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். குடிதண்ணீர் பாட்டிலுக்குக் காசு கேட்கிற படகும் உண்டு. கப்பல் துறையிலிருந்து படகு கிளம்பும் இடம் வரை யார் கொண்டு விடுவது? அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது 'பிட்டன் மலைகள்', 'மாரிகோ பே' என்று வெறும் பெயரைப் போடுவது. இறங்குவோமா, மேலே சாலையில் நின்று பார்ப்போமா? இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது. முன்பதிவுக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம், உள்ளே நுழைவு உண்டா, சீட்டு யார் வாங்குவது, கப்பல் அன்று துறைக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பி வருமா. நல்ல நிறுவனம் நாலு வரியில் பதில் போட்டுவிடும். 'கவலைப்படாதீர்கள்' என்று பதில் வந்தால் கவலைப்படுங்கள். உங்கள் விஷயத்தில், விளம்பரத்தின் திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) வாசலில் கட்டிய சீட்டுகளும் இருந்தால் அந்தத் தொகையைக் கேட்டு எழுதுங்கள். பல நிறுவனங்கள் விமர்சனத்துக்குப் பயந்தாவது கொடுத்துவிடும்.

கேள்வி: சமூக ஊடகத்தில் பார்த்து நாலு பேருக்குப் படகுச் சுற்றுலா பதிவு செய்தோம். ஆளுக்கு 120 பவுண்டு. முன்பணம் 80 பவுண்டு கடன் அட்டையில், மீதி 400 வங்கி வழியாக. போய் நின்றால் அப்படி ஒரு படகே இல்லை. குழந்தைகள் அழுதுவிட்டார்கள். — ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. அந்த 80 பவுண்டைக் கடன் அட்டையில் கட்டியது நல்லதாகப் போயிற்று. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவின்படி, ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், அதில் ஒரு பகுதியைக் கடன் அட்டையில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் அட்டை வங்கி பொறுப்பு. விற்றவர் வெளிநாட்டில் இருந்தாலும் பொருந்தும். உங்கள் சீட்டு ஒவ்வொன்றும் 120 என்பதால் வரம்பைத் தாண்டுகிறது. ஆளுக்கு 90 ஆக இருந்திருந்தால் மொத்தம் 360 என்று காட்டினாலும் மறுத்துவிடுவார்கள்.

வங்கிக்கு எழுதும்போது '75ஆம் பிரிவு' என்று பெயர் சொல்லியே கேளுங்கள், 480ஐயும் கேளுங்கள். விளம்பரம், உரையாடல், ரசீது, அன்று துறையில் எடுத்த படம் எல்லாவற்றையும் இப்போதே சேமியுங்கள், அந்தக் கணக்கு எந்த நேரமும் மறைந்துவிடும். அட்டைப் பணம் இடையில் வேறொரு நிறுவனத்தின் வழியாகப் போயிருந்தால் வங்கி அதைச் சாக்காகச் சொல்லலாம். அப்போது குறைந்தது 80ஐ 'சார்ஜ்பேக்' முறையில், அதாவது அட்டையில் கட்டியதை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் முறையில், கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டாலோ மறுத்தாலோ நிதிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். வங்கி வழியாகப் போன 400ஐத் தனியாக மோசடிப் புகாராகவும் பதியுங்கள். ஆனால் அது வெளிநாட்டுக் கணக்குக்குப் போயிருந்தால் உள்நாட்டு ஈட்டுத் திட்டம் கைகொடுக்காது.

கேள்வி: என் கைக்கடிகாரத்தில் 3.50, கப்பலில் 4.50 என்று சொல்லி ஏற்ற மறுத்துவிட்டார்கள். சுற்றுலாக்காரர் மீது வழக்குப் போடலாமா? — மிசிசாகா

பதில்: கடிகாரத்தின் மீது போடுங்கள். செயின்ட் லூசியா ஆண்டு முழுவதும் கிரீன்விச்சுக்கு நாலு மணி பின்னால். குளிர்காலத்தில் டொரொன்டோவைவிட ஒரு மணி முன்னால். சில கப்பல்கள் தீவு நேரத்துக்கு மாறும், சில மாறாது. இறங்கும்போது கப்பல் நேரத்தைக் காகிதத்தில் குறித்து ஓட்டுநரிடமும் காட்டுங்கள். கப்பல் நிறுவனமே விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் வாங்கியதற்குக் காத்திருக்காது. விலை வித்தியாசத்தில் பாதி அதற்காகத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, ஆஸ்துமா. கந்தக ஊற்றுக்குக் கூட்டிப் போகலாமா? — சிங்கப்பூர்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அந்த அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு வாயு; காற்று அசையாத நாளில் தேங்கும். இன்ஹேலர் வேனில் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும். சேற்றுக் குளியல் சூடு அதிகம், இதய நோயும் ரத்த அழுத்தமும் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். டயமண்ட் தோட்டத்தில் நிழல் உண்டு, பாதையும் பெரும்பாலும் சமம். அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வரலாம்.

கேள்வி: கப்பல் நாளிலேயே கிரோ பிட்டன் ஏற முடியுமா? — டல்லாஸ்

பதில்: முடியாது. ஏறக்குறைய 800 மீட்டர், வழிகாட்டி கட்டாயம், ஏறி இறங்க நாலு மணி, சாலை மூன்று மணி. டெட் போல் பாதையில் முக்கால் மணி நடந்தால் அதே மலைகள் எதிரே நிற்கும்.

கேள்வி: மொன்செராட்டில் 'புதையுண்ட தலைநகர் பிளிமத்' என்று கூட்டிப்போய் மலைமேல் நின்று காட்டினார்கள். உள்ளே விடவில்லை. — பிராம்ப்டன்

பதில்: மொன்செராட் தீவின் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை (மேலே சொன்ன சூஃப்ரியேர் ஊர் வேறு) 1995 ஜூலையில் எழுந்து அந்த ஊரைச் சாம்பலில் மூழ்கடித்தது. இன்றும் அது விலக்கு மண்டலம். அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே நுழையலாம், எரிமலை அபாய நிலை ஏறினால் அதுவும் இல்லை. உங்கள் ரசீதில் 'நுழைவு' என்று இருந்து, அன்று மண்டலம் திறந்தும் இருந்தால் வித்தியாசத்தைக் கேளுங்கள். 'காட்சி' என்று இருந்தால் கொடுத்த காசுக்குக் கண்டாயிற்று.

கேள்வி: சைவம். சுற்றுலாவில் மதியச் சாப்பாடு கிடைக்குமா? — இல்ஃபோர்ட்

பதில்: கிடைக்கும், கேள்வியை மாற்றிக் கேட்டால். 'சைவம் உண்டா' என்றால் கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றுவார்கள். கீரைச் சாறான கலலூவில் நண்டோ உப்புக்கண்டமோ கிடக்கலாம். பயறு சோற்றிலும் உப்பிறைச்சி கலக்கலாம். 'கிரீன் ஃபிக்' என்பது வாழைக்காய்தான், ஆனால் உப்பு மீனோடுதான் வரும். சுட்ட ஈரப்பலா, பொரித்த வாழைப்பழம், அவரைப் பயறு கேளுங்கள். 'ஐட்டல்' என்று சொன்னால் புரியும்; அது ராஸ்டாஃபாரி சமயத்தாரின் சைவச் சமையல். இரண்டு நாள் முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டொமினிக்காவின் கொதிக்கும் ஏரிக்குச் சுற்றுலா போகிறோம். விமானச் சீட்டு சாண்டோ டொமிங்கோவுக்கு எடுத்தாயிற்று. — எடிசன்

பதில்: அது டொமினிக்கன் குடியரசு, வேறு நாடு. ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: பையன் ராணுவப் புள்ளி போட்ட அரைக்கால்சட்டை போட்டுக்கொள்ளலாமா? — வாட்ஃபோர்ட்

பதில்: செயின்ட் லூசியாவில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்து. கப்பல் அறையிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.