குளிர் வார்டில் தாயும் சேயும்: கேர் பிளானில் எதை முதலில் எழுதுவது?

கோத்தகிரிப் பக்கம் மகப்பேறு வார்டில் போஸ்டிங்கில் இருக்கும் பி.எஸ்சி. நர்ஸிங் மாணவி ஒருவரின் கேள்வி: "24 வயது, தலைப்பிரசவம், தேயிலைத் தோட்ட வேலை. சுகப்பிரசவம் ஆகி 7 மணி நேரம், தையல் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.2. இன்னும் சிறுநீர் போகவில்லை, கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே வலது பக்கம் தட்டுப்படுகிறது. குழந்தை 2.3 கிலோ, அக்குளில் 36.1 டிகிரி, தூங்கிக்கொண்டே இருக்கிறது, இரண்டு முறைதான் பால் குடித்தது. புத்தகத்தைப் பார்த்துக் கேர் பிளானில் (பராமரிப்புத் திட்டம்) ஆளுக்கு ஐந்து நர்ஸிங் டயக்னோசிஸ் (நர்ஸ் கவனிக்க வேண்டிய பிரச்சினைகள்) எழுதினேன். தாய்க்கு ஆங்ஸைட்டி (மனப்பதற்றம்) முதலில், குழந்தைக்கு ரிஸ்க் ஃபார் இன்ஃபெக்ஷன் (கிருமித்தொற்று அபாயம்) முதலில், அடுத்தது ரிஸ்க் ஃபார் ஹைப்போதெர்மியா (உடம்பு குளிர்ந்துபோகும் அபாயம்). எங்கள் ஆசிரியை மேடம் மொத்தமாக அடித்துவிட்டார். எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?"

நீங்கள் எடுத்த குறிப்புகள் அருமையாக இருக்கின்றன, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கை வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்களே, பலர் அதைச் செய்வதில்லை. ஆனால் கேர் பிளான் எழுத உட்கார்ந்ததும் அந்தக் குறிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தின் பட்டியலுக்குப் போய்விட்டீர்கள். ஆங்ஸைட்டி என்று எழுத அந்தத் தாய் என்ன சொன்னார், என்ன செய்தார்? உங்கள் குறிப்பில் ஒன்றுமே இல்லை. ஆதாரம் இல்லாத டயக்னோசிஸை மேடம் அடிக்கத்தான் செய்வார்.

குழந்தையிடம் வருவோம். பிறந்த குழந்தைக்கு அக்குளில் 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும். 36.1 என்றால் உடம்பு ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது, அப்புறம் என்ன 'ரிஸ்க்'? இன்னும் நடக்காததற்குத்தான் ரிஸ்க் என்று போடுவது. இங்கே நேராக ஹைப்போதெர்மியா என்றே எழுதுங்கள். ரிலேட்டட் டு என்ற இடத்தில் எடை குறைவு, வார்டின் குளிர், தாயின் உடம்போடு ஒட்டாமல் தனியாகக் கிடத்தியது என்று காரணங்கள் வரட்டும், ஆதாரமாக 36.1, மந்தமாகத் தூங்குவது, பாதம் சில்லென்று இருந்தால் அதுவும். பிரசவ அறை குறைந்தது 25 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பார்கள், மார்கழி, தை மாதத்தில் நம் மலையில் ஹீட்டர் இல்லாமல் அது நடக்காது, அதனால் இந்த டயக்னோசிஸ் இங்கே உங்கள் மனதில் முதலில் நிற்க வேண்டும்.

ஏன் இதற்கு முதலிடம்? குளிர்ந்த குழந்தை சூடாவதற்காகத் தன் சர்க்கரையையும் ஆக்ஸிஜனையும் எரிக்கிறது, சர்க்கரை இறங்கினால் சோர்ந்து தூங்குகிறது, தூங்கினால் பால் குடிக்காது, குடிக்காவிட்டால் இன்னும் குளிரும். உங்கள் குழந்தை இந்தச் சுழலுக்குள் போய்விட்டது. பால் குடிக்காததைத் தனி டயக்னோசிஸாக இரண்டாவதாக எழுதுங்கள், ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், தாயின் நெஞ்சு. டயப்பரும் குல்லாவும் சாக்ஸும் மட்டும் போட்டு, மார்புகளுக்கு நடுவே தோலோடு தோலாக ஒட்ட வைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள். மூக்கும் வாயும் மூடாதபடி முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். அப்படியே காம்பைத் தேட விடுங்கள். சப்பவில்லை என்றால் சீம்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம், 2-3 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு வந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். மந்தமாக இருப்பதால் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தெர்மாமீட்டர். ஏறவில்லை, அல்லது 36-க்குக் கீழே இறங்கினால் வார்மர்தான், கிருமித்தொற்றும் இப்படிக் குளிர்ச்சியாக வெளிப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையைப் பார்த்தேன். மூன்று சுற்றுத் துணி, மேலே கம்பளி, பார்க்கக் கதகதப்பாகத்தான் தெரிந்தது. காலை வெளியே எடுத்தால் ஐஸ். பிரித்துப் பார்த்தபோது உள்துணி ஈரம், சிறுநீர் போய் எவ்வளவு நேரமோ. அன்றிலிருந்து போர்வையைப் பார்த்து நான் எதையும் எழுதுவதில்லை, புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான்.

தாய்க்கு முதலில் வருவது சிறுநீர் தேக்கமும் அதனால் வரும் ரத்தப்போக்கு அபாயமும். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே ஏற்றி ஒரு பக்கமாகத் தள்ளும், நீங்கள் தொட்டது அதைத்தான். தள்ளப்பட்ட கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, சுருங்காவிட்டால் உதிரம் கொட்டும். ஹீமோகுளோபின் 9.2 உள்ள உடம்பு அதைத் தாங்காது.

இன்டர்வென்ஷனை, அதாவது நீங்கள் செய்யப்போவதை, காரணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவர் ஏன் போகவில்லை என்று கேட்டீர்களா? தையல் எரியும் என்ற பயமாக இருக்கலாம், பாத்ரூம் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருப்பதால் இருக்கலாம், நம் வார்டுகளில் இந்த இரண்டும்தான் அதிகம். அப்படியானால் 'என்கரேஜ் வாய்டிங்' (சிறுநீர் கழிக்கச் சொல்) என்ற ஒற்றை வரி போதாது. டாக்டர் எழுதிய வலி மாத்திரையை முன்பே கொடுத்து, கைத்தாங்கலாக அழைத்துப் போய் (ரத்தம் குறைவு, தலை சுற்றும், தனியே விடாதீர்கள்), மிதமான வெந்நீரை மக்கில் எடுத்துப் பிறப்புறுப்பின் மேல் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். போகாவிட்டால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) தேவைப்படலாம். போன பிறகு மறுபடி வயிற்றில் கை வையுங்கள்: நடுவுக்கு வந்து பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் கெட்டியாகும் வரை தேய்த்துக்கொண்டே ஆள் கூப்பிடுங்கள். பேடைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தாயை ஒருக்களித்து இடுப்புக்கு அடியிலும் பாருங்கள், ரத்தம் பின்பக்கமாக வழிந்து தேங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் அவசரம்.

தையல் வலி, ரத்தசோகை, இன்ஃபெக்ஷன் ரிஸ்க் எல்லாம் அடுத்தடுத்து வரட்டும். ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள், சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) பரிசோதனை செய்திருக்கிறதா என்று. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பதை 1952-லேயே கண்டறிந்தார்கள். அந்த நோய் உள்ள தாய்க்குக் குளிரும் தண்ணீர் குறைவதும் கடும் வலியைக் கிளப்பிவிடும், பாத்ரூம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் ஆபத்து.

வீட்டுக்குப் போகும்போது 'ஹெல்த் எஜுகேஷன் கிவன்' என்று எழுதி முடிக்காமல், என்ன சொன்னீர்களோ அதை எழுதுங்கள்: அவசரப்பட்டுக் குளிப்பாட்ட வேண்டாம், வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும், நெஞ்சோடு அணைத்து வைப்பது வீட்டிலும் தொடரட்டும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குளிருக்குக் கரி அடுப்பைக் கொளுத்தி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே தெரியாமல் உயிரை எடுக்கும். இதை மட்டும் தாயிடம் சொன்னால் போதாது, ராத்திரி அடுப்பு மூட்டுகிற மாமியாரையோ கணவரையோ கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.