பொது இடத்துல யார் என்ன உடுத்தலாம்னு அரசாங்கம் சட்டம் போடலாமா?

நேரா சொல்லிடறேன், போடக் கூடாது. பிரான்ஸ்ல முகத்தை மூடறதுக்குத் தடை இருக்கே, அந்த மாதிரி நம்ம ஊர்லயும் பொது இடத்துக்குன்னு ஒரு டிரஸ் கோட் சட்டம் வந்தா ஒரு ஒழுங்கு வருமேன்னு கேட்டிருக்கீங்க. வராதுங்க. வர்றது என்னன்னா, கேட்ல நிக்கறவன் கையில இன்னொரு குச்சி. அதுக்காக உடை சம்பந்தமா எந்தச் சட்டமும் வேண்டாம்னு சொல்ல வரல. உடுத்தறவனைத் தடுக்கற சட்டம்னு ஒண்ணு இருக்கு, உடுத்திட்டு வந்தவனை வாசல்ல நிறுத்தறவனைத் தடுக்கற சட்டம்னு இன்னொண்ணு இருக்கு. எனக்கு ரெண்டாவது மட்டும் வேணும், இப்ப இருக்கறதைவிட பலமா வேணும்.

ஏன்னா அந்த ரெண்டாவது வகைச் சட்டம் தமிழ்நாட்டுல ஏற்கனவே இருக்கு, நிறைய பேருக்குத் தெரியல. 2014 ஜூலை மாசம் ஹைகோர்ட் நீதிபதி அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டுக்காக சேப்பாக்கத்துல இருக்கற கிரிக்கெட் சங்க கிளப்புக்கு வேட்டி கட்டிட்டுப் போனார், கிளப் விதிப்படி வேட்டிக்கு அனுமதி இல்லைன்னு உள்ள விடல. அவரோட போன சீனியர் வக்கீல்களுக்கும் அதே கதிதான். சட்டசபையில பெரிய பிரச்சினை ஆச்சு, அப்ப ஜெயலலிதா முதலமைச்சர், அடுத்த மாசமே சட்டம் நிறைவேறிடுச்சு. வேட்டியோ வேற இந்தியப் பாரம்பரிய உடையோ உடுத்திட்டு வர்றவங்களை கிளப், சங்கம், டிரஸ்ட், கம்பெனின்னு யாரும் தங்களோட விதியைக் காட்டி பொது இடத்துக்குள்ள விடாம தடுக்கக் கூடாது, மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம், லைசென்ஸையே ரத்து பண்ணலாம். நல்ல சட்டம். ஆனா தடுக்கப்பட்டது ஒரு ஜட்ஜா இருந்ததாலதான் ஒரே மாசத்துல வந்துச்சுன்னு நான் உறுதியா நம்பறேன், அதே வாசல்ல அதுக்கு முன்னாடி எத்தனை பேர் ஒண்ணும் பேசாம திரும்பிப் போயிருப்பாங்க.

சரி, கைலி கட்டினவன் கதை என்ன? இதைத்தான் நான் எழுத வந்தேன்.

எங்க வீடு சேலம் அம்மாப்பேட்டை, அப்பா பட்டு வேட்டி நெசவு. சேலம் வெண்பட்டுன்னு புவிசார் குறியீடு எல்லாம் வாங்கின சரக்கு, கல்யாணத்துல மாப்பிள்ளை கட்டற வேட்டி. வெள்ளைப் பட்டுங்கறதால ஒரு சொட்டு வேர்வை பட்டாலும் கறை நிக்கும், அப்பா தறிக்குழில இறங்கறதுக்கு முன்னாடி கையை சோப்புப் போட்டு கழுவி, தோள்ல ஒரு துண்டு, இடுப்புல கைலிய தூக்கிச் சொருகிட்டுத்தான் உக்காருவார். கால் மிதிய மிதிக்கணும்னா வேற எந்தத் துணியும் சரிப்படாது. எங்க மாமா லாரி டிரைவர், லீ பஜார்ல லோடு ஏத்தினா நாக்பூர் வரைக்கும் போவார். அவருக்கும் கைலிதான். பழைய லாரி கேபின்ல உக்காந்து பாத்திருக்கீங்களா, டிரைவரோட இடது காலை ஒட்டி இன்ஜின் பானெட், மே மாசத்துல அந்தச் சூடு தொடையில ஏறும், பேன்ட் போட்டுட்டு பத்து மணி நேரம் ஓட்டறது கஷ்டம். அந்தக் கைலியையே வழியில தொட்டிகிட்ட நின்னு குளிக்கறப்ப மறைப்பா கட்டிக்குவார், ராத்திரி போத்திக்குவார். சங்ககிரி, நாமக்கல்னு இந்தப் பக்கம் லாரியை நம்பிப் பொழைக்கிற ஊர் பூரா இப்படித்தான்.

ஒரு தடவை கோடை விழா சமயத்துல குடும்பத்தோட ஏற்காடு போயிருந்தோம். மாமா அப்பதான் வண்டிய விட்டு இறங்கி வந்திருந்தார், குளிச்சுட்டு புதுக் கைலி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஏரியெல்லாம் சுத்திப் பாத்துட்டு மத்தியானம் ஒரு ரிசார்ட் ஓட்டல்ல சாப்பிடலாம்னு போனா, பேர் வேண்டாம், வாசல்ல இருந்த வாட்ச்மேன் மாமாவ மட்டும் நிறுத்திட்டார். "ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, கைலின்னா உள்ள விடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லி இருக்காரு"ன்னார். அந்த வாட்ச்மேன் மலை ஊர்க்காரர், அவருக்கும் சொல்ல சங்கடமாத்தான் இருந்துச்சு, அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கண்ணாடி வழியா பாத்தா உள்ள முட்டி தெரியற டவுசர்ல ஏழெட்டு பேர் சாப்ட்டுட்டு இருக்காங்க. மாமா என்ன சொன்னார்னா, "நீங்க போய் சாப்ட்டு வாங்க மாப்ள, நான் வண்டில இருக்கேன்." அம்மா அவ்ளோதான், பேக்க தூக்கிட்டு திரும்பிட்டாங்க. ஒண்டிக்கடை பக்கம் போய் மிளகாய் பஜ்ஜியும் டீயும் சாப்ட்டுட்டு இறங்கிட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் மாமா பேசவே இல்ல, வண்டின்னா வாய் ஓயாத மனுஷன்.

அப்ப எனக்கு அந்த 2014 சட்டம் ஞாபகம் வந்துச்சு. பாரம்பரிய உடைன்னு சொல்லுதே, கைலி அதுல வருமா? வரும்னு நான் கோர்ட்ல வாதாடுவேன். ஆனா ரிசார்ட் வாசல்ல கோர்ட் கிடையாது. சட்டத்துல பேர் சொல்லி இருக்கறது வேட்டி, அதனால வேட்டிக்காரன் தைரியமா நிப்பான், கைலிக்காரன் நிக்க மாட்டான். வேட்டியை நெய்யறவன் கட்டியிருக்கற துணிக்குப் பாதுகாப்பு சந்தேகம், அவன் நெய்யற துணிக்குப் பாதுகாப்பு உறுதின்னா, அந்தச் சட்டம் பாதி வழிலயே நிக்குதுன்னு அர்த்தம்.

கைலிக்கு எதிராவே சட்டம் இருந்தா என்ன ஆகும்னும் ஒரு சாம்பிள் பாத்தோம். 2019 செப்டம்பர்ல மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த புதுசு, உத்தரப் பிரதேசத்துல லுங்கி கட்டி லாரி ஓட்டினா 2,000 ரூபாய் அபராதம்னு செய்தி வந்துச்சு, லக்னோ போக்குவரத்து போலீஸ் அதிகாரியே டிரஸ் கோட் இருக்குன்னு பேசினார். வாட்ஸ்அப்ல இங்க எல்லா டிரைவர் குரூப்லயும் அதுதான் பேச்சு. பிறகு அந்த மாசக் கடைசில மத்திய அமைச்சர் கட்கரி ஆபீஸ்ல இருந்து லுங்கி பனியனுக்கு, அரைக்கை சட்டைக்கு, செருப்புக்கு எல்லாம் புதுச் சட்டத்துல அபராதம் கிடையாதுன்னு விளக்கம் கொடுத்தாங்க. அதுக்கு இடைப்பட்ட நாள்ல வெளி மாநில செக்போஸ்ட்ல பாஷை தெரியாம நிக்கற டிரைவர் என்ன பண்ணுவான், கேட்டதைக் கொடுத்துட்டுத்தான் வண்டிய எடுப்பான். உடைச் சட்டம்னு ஒண்ணு புத்தகத்துல இருந்தாலே போதும், இல்லாட்டி இருக்கறதா பேச்சு இருந்தாலே போதும், மடக்கறவனுக்கு அது வருமானம்.

இது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்ல. திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மேலாடை போடறதுக்காகவே தலைமுறை தலைமுறையா போராடினாங்க, தோள்சீலைக் கலகம்னு படிச்சிருப்பீங்க. 1859ல ராஜா இறங்கி வந்து அனுமதி கொடுத்தப்பகூட, உடம்ப மறைச்சுக்கலாம் ஆனா மேல்சாதிப் பெண்கள் உடுத்தற மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துத்தான் கொடுத்தார். அந்த ஒரு வரியப் பாருங்க, மானம் மரியாதை பத்தின கவலை எதுவும் அதுல இல்ல, யார் யார்னு பாத்த உடனே தெரியணும், அவ்வளவுதான். 1930ல ராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதிக்காரங்க போட்ட தடைப் பட்டியல்ல ஆம்பளைங்க முட்டிக்குக் கீழயும் இடுப்புக்கு மேலயும் துணி உடுத்தக் கூடாதுன்னு இருந்துச்சு. அதெல்லாம் அந்தக் காலம்னு நினைக்காதீங்க. எஸ்.சி. எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015ல திருத்தினப்ப, பொது இடத்துல செருப்பு போட, புதுத்துணி உடுத்த, சைக்கிள்ல போக விடாம தடுக்கறதை குற்றம்னு தனியா எழுத வேண்டியிருந்துச்சு. நடக்காமலா எழுதினாங்க? இந்தச் சட்டமும் தடுக்கறவனைப் பிடிக்கற சட்டம்தான், கவனிங்க.

வெளிநாட்டுலயும் இதே கதைதான் ஓடுது. 1746ல ஸ்காட்லாந்து மலைப் பகுதிக்காரங்க கிளர்ச்சி பண்ணித் தோத்ததும் அவங்களோட பாரம்பரிய உடைக்கு பிரிட்டிஷ் பார்லிமென்ட் தடை போட்டுச்சு, முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில், மறுபடி மாட்டினா ஏழு வருஷம் நாடு கடத்தல், 1782 வரைக்கும் அது இருந்துச்சு. ஈரானை எடுத்துக்குங்க. 1936ல அந்த நாட்டு ராஜா ரேசா ஷா பொம்பளைங்க முக்காடு போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டார், தெருவுல போலீஸ் துணிய இழுத்து எடுத்துச்சு, அதுக்கு பயந்து வீட்டை விட்டே வெளிய வராம இருந்த பெண்கள் உண்டு. ராஜா ஆட்சிய இறக்கின இஸ்லாமியப் புரட்சிக்கு அப்புறம் 1983ல அதே நாட்டுல முக்காடு இல்லாம வந்தா 74 கசையடி வரைக்கும்னு சட்டம். 2022 செப்டம்பர்ல முக்காடு சரியா போடலைன்னு கைதான மாசா அமினி போலீஸ் காவல்ல இருந்தப்பவே கோமாவுக்குப் போய் செத்தாங்க, 22 வயசு. பாட்டிக்கு எடுக்கச் சொன்ன துணியை பேத்திக்குப் போடச் சொல்றாங்க, ரெண்டு பேர்கிட்டயும் யாரும் கேக்கல.

நீங்க சொன்ன பிரான்ஸ் சட்டம் 2011 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, 150 யூரோ வரைக்கும் அபராதம். அந்தப் பெண்களை அடிமைத்தனத்துல இருந்து விடுவிக்கறோம்னு சொல்லித்தான் கொண்டு வந்தாங்க. புருஷன் கட்டாயத்துலதான் ஒரு பொண்ணு முகத்தை மூடறான்னே வெச்சுக்குவோம், ரோட்டுல அபராதம் கட்டறது அவ. கட்டாயப்படுத்தறவனுக்கு அதே சட்டத்துல பெரிய தண்டனை இருக்குதான், ஆனா அவனை நிரூபிச்சுப் பிடிக்கறது கஷ்டம், ரோட்டுல நடந்து போறவளைப் பிடிக்கறது சுலபம். பாதுகாப்பு பத்திக் கேட்டா, ஏர்போர்ட்ல, ஓட்டுச்சாவடியில, பேங்க்ல முகத்தைக் காட்டுங்கன்னு கேக்கட்டும், ஒரு லேடி ஸ்டாஃப வெச்சு தனியா பாக்கட்டும், அது நியாயம். தெருவுல நடக்கறதுக்கும் பஸ்ல ஏறறதுக்கும் எதுக்கு?

கோயில் பத்தியும் கேப்பீங்க. 2015 நவம்பர்ல மதுரை ஹைகோர்ட் கிளைல ஒரு நீதிபதி தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு டிரஸ் கோட் உத்தரவு போட்டு, 2016 ஜனவரி 1ல இருந்து போர்டு வெச்சாங்க, அதே மாசத்துல அதுக்கு தடை வந்துடுச்சு. கோயில்ல உள்ள வழக்கத்தை நான் மதிக்கறேன், அதை பக்தர்களே பாத்துக்குவாங்க. ஸ்கூல் யூனிஃபார்ம் எனக்குப் பிடிக்கும், பணக்காரப் பையனும் தறிக்காரன் பையனும் ஒண்ணா தெரியறதுக்கு அது வேணும், ஆனா 2022ல கர்நாடகாவுல யூனிஃபார்ம் கலர்லயே தலைல துணி போட்டுக்கறோம்னு கேட்ட பிள்ளைகளை கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சாங்களே, அதை என்னால ஏத்துக்க முடியல. சுப்ரீம் கோர்ட்லயே ரெண்டு நீதிபதியும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க.

2014 ஏப்ரல்ல திருநங்கை திருநம்பி உரிமை வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒண்ணு சொல்லியிருக்கு, ஒருத்தர் எப்படி உடுத்தறார்ங்கறது அரசியல் சட்டம் 19வது பிரிவு கொடுக்கற பேச்சு, கருத்து சுதந்திரத்துக்குள்ள வருதுன்னு. அடிப்படை இவ்வளவு தெளிவா இருக்கறப்ப, நாம கேக்க வேண்டியது புதுத் தடை இல்லைங்க. வேட்டிச் சட்டத்துல கைலியைப் பேர் சொல்லிச் சேக்கணும், பொம்பளைங்க உடையையும் சந்தேகம் வராத மாதிரி பேர் போட்டு எழுதணும், ஓட்டல், ரிசார்ட், மால், தியேட்டர்னு மக்கள் காசு கொடுத்துப் போற எல்லா இடத்துக்கும் அது பொருந்தும்னு தெளிவாச் சொல்லணும். அதைத் தமிழ்ல போர்டா எழுதி வாசல்ல, செக்யூரிட்டி நிக்கற இடத்துக்கு நேரா மாட்ட வைக்கணும். சேலம், நாமக்கல் எம்.எல்.ஏ.க்கள் யாராவது சட்டசபையில இதை எழுப்பினா, கட்சி பாக்காம நான் கையெழுத்து வாங்கிக் கொடுக்கறேன். அம்மாப்பேட்டையில தறி இருக்கற வீடு ஒண்ணு விடாம போடுவாங்க.